காணியும் கண்ணீரும்

காணி வாங்கிச் செல்வந்தராவது எப்படி என்று கற்பிக்கும் வகுப்புகள் இன்று எம்மிடையே பெருகிவிட்டன. கையிற் பெருமுதல் இல்லாதவரும் இத்தொழிலிற் புகலாம். நல்ல பேரத்தைக் கண்டுபிடிக்கும் கண் இருந்தாற் போதும் என்பதே அவ்வகுப்புகளின் மூலமந்திரம். என்னிடம் உயர்தரத்தில் தமிழ் கற்ற மாணவனொருவன் இப்போது காணித் தரகனாக இருக்கிறான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். அவன்தான் இத்தகைய கையேடொன்றை என்னிடம் தந்து, "சேர், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்றான். வாசித்தேன். வாசித்தபின் எழுதாதிருத்தல் இயலவில்லை.

இலாபம் விற்கும்போது பிறப்பதன்று, வாங்கும்போதே பிறந்துவிடுகிறது என்பது இத்தொழிலின் முதற் பாடம். சந்தை விலைக்கு வாங்குபவன் இலாபம் காணான். அதற்குக் குறைவாக வாங்க வேண்டும். சந்தை விலைக்குக் குறைவாக விற்பவர் யார்? அவசரத்தில் இருப்பவர். ஆகவே அவசரத்தில் இருப்பவரைத் தேடு என்பது இரண்டாம் பாடம். குடும்பத் தலைவர் இறந்த வீடு, பங்குபிரிக்க இயலாது பிணங்கி நிற்கும் சகோதரர், ஈட்டுக் கடனை மீட்க முடியாதவர், வெளிநாடு செல்லத் துடிப்பவர் ஆகியோரை முந்திக்கொண்டு அணுகுபவனே வெற்றி பெறுவான் என்கிறது கையேடு.

"பேரம்" என்னும் அழகிய சொல்லின் உறையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருப்பது யாரோ ஒருவரின் இடர். பிறர் இடரை முதலில் மோப்பம் பிடிக்கும் ஆற்றலே இங்குத் திறமை எனப்படுகிறது.

இதனை ஏட்டிற் படித்து எழுதவில்லை. நானும் என் மனைவியும் ஆசிரியர். வாடகை வீட்டில் வாழ்பவர்கள். சென்ற ஆண்டு இரண்டு பரப்புக் காணி வாங்கிச் சிறு வீடொன்று கட்ட எண்ணினோம். அந்த மாணவனே வலிகாமத்தில் ஒரு காணியைக் காட்டினான். செம்மண் நிலம், நல்ல தண்ணீர்க் கிணறு, மூன்று தென்னை. உரிமைக்காரி ஒரு விதவைத் தாய். மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவேண்டிய இறுதித் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்ட விலை நியாயமானதென்றே எனக்குத் தோன்றிற்று. மாணவன் என் காதருகே வந்து, "சேர், ரெண்டு கிழமை பொறுங்கோ. மனிசிக்குக் காசு அவசரம். விலை தானா இறங்கும்" என்றான்.

அவ்வீட்டின் திண்ணையில் ஒரு சிறுமி புத்தகத்தோடு அமர்ந்திருந்தாள். என் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இக்கதையை என் நல்ல மனத்துக்குச் சான்றாகக் கூறவில்லை. நான் விலகியதால் அத்தாய்க்கு ஒரு சதமேனும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. மூன்றாம் கிழமை, இந்நாட்டில் வாழாத ஒருவர் தொலைபேசியிலேயே பேசி, அவள் கேட்டதிலும் மிகக் குறைந்த விலைக்கு அதனை வாங்கினார். இன்று அங்குத் தகரவேலி நிற்கிறது. படலையிற் பூட்டுத் தொங்குகிறது. கிணறு பாசி பிடித்துக் கிடக்கிறது. என் மனச்சாட்சி சற்று இளைப்பாறியது, அவ்வளவே. நியாயமான விலையைக் கொடுத்து நான் வாங்கியிருக்கலாமே என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. இது தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் தீரும் சங்கதியன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இவ்வாணிபம் எமக்குப் புதியதா? அன்று. இந்நாட்டின் மாபெரும் காணிப் பேரம் 1840 இல் தொடங்கிற்று. அவ்வாண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் பயிரிடப்படாத தரிசும் மறுப்பு நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. உறுதி எழுதும் வழக்கமில்லாத கிராமத்தவர் தம் உரிமையை எதைக் காட்டி நிரூபிப்பர்? அந்நாளில் முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங் விலையிற் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டது. 1844 இலேதான் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவர்களிடையே ஆட்சிப் பதவியில் இருந்த அதிகாரிகளும் இருந்தனர். அத்தோட்டங்களைத் தம் உழைப்பாற் பொன்விளையும் பூமியாக்கிய மலையகத் தமிழரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர், தாம் வாழும் லயத்து அறைக்கு இன்னும் உறுதியற்றவராகவே இருக்கின்றனர். ஏழு பேர்ச்சஸ் நிலம் அவர்களுக்கு ஒரு சலுகையாகப் பேசப்படுகிறது.

போர்க்காலத்திலும் இதே கதைதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்களும் இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத நிலத்தில் பத்தாண்டு தடையின்றி இருந்தவர் ஆட்சியுரிமை கோர இந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அகதியின் இல்லாமையே அயலவனின் உறுதியாக மாறக்கூடிய இந்நிலையைத் திருத்துவதற்கு 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வரை, அதாவது போர் முடிந்து ஏழாண்டுகள் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழைய தேசவழமை இவ்விடயத்தில் எம்மைவிட ஓரளவு விவேகமுடையதாயிருந்தது. பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் முதலில் அறிவித்து, அவர் வாங்க மறுத்த பின்னரே பிறருக்கு விற்க வேண்டும் என்ற முன்கொள்வனவு உரிமை, காணி வெறும் சந்தைச் சரக்கன்று என்ற எண்ணத்தின் எச்சம். 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அவ்வுரிமையைப் பேணுகிறது. ஆனால் பழமையைப் பார்த்துக் கண்கலங்கி நிற்பதும் தகாது. 1707 அளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த அதே தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விதி வகுத்தது. முதுசமும் சீதனமும் உள்ளவருக்கே அது காவல். பிறர் வளவிற் குடியிருந்து, பிறர் தோட்டத்தில் மாடாய் உழைத்த மக்களுக்குக் காக்க என்ன இருந்தது? அன்று சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைக்கு இன்று விலையின் பெயரால் அது மறுக்கப்படுகிறது.

இவ்விலை எங்கிருந்து வந்தது? 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ஓடத் தொடங்கிற்று. வீதிகள் திருத்தப்பட்டன, மின்கம்பிகள் வந்தன. இவையெல்லாம் பொதுப் பணத்தாலும் தொழிலாளர் வியர்வையாலும் ஆனவை. பூட்டிய படலைக்குள் புல் முளைக்கவிட்ட உரிமைக்காரர் ஒரு கல்லைத்தானும் நகர்த்தவில்லை. எனினும் உயர்ந்த விலை முழுதும் அவருடையதாயிற்று. ஊரார் உண்டாக்கிய பெறுமதி ஊராருக்கே வரியாகத் திரும்ப வேண்டுமென ஹென்றி ஜோர்ஜ் என்னும் அமெரிக்கர் 1879 இலேயே நூல் எழுதி வாதிட்டார். அவர் மாக்சியவாதியல்லர், சந்தையை நம்பியவர். சந்தையை நம்பியவருக்கே விளங்கிய நியாயம் எம் காணி வகுப்புப் பேராசான்களுக்கு விளங்கவில்லை.

"பணத்தை வேறெங்கே வைப்பது?" என்பார்கள். இக்கேள்வியை எள்ளி நகையாட நான் துணியேன். 2022 இல் சில மாதங்களுள் டொலரொன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. வங்கியில் இருந்த சேமிப்புக் கரைந்ததை ஆசிரியனாகிய நானும் அனுபவித்தேன். ஆனால் அதே வேளையில், பவுணிலும் கனடிய டொலரிலும் உழைப்பவருக்கு எம் காணி மலிந்தது. ரூபாவில் உழைப்பவர் ஏலத்திலிருந்தே விலக்கப்பட்டனர். புலம்பெயர்ந்த உறவினரைப் பழிப்பது என் நோக்கமன்று. திரும்பி வந்து வாழ ஒரு வீடும், பெற்றோரின் நினைவாக ஒரு வளவும் வைத்திருப்பது இயல்பு. குடியிருக்க வாங்குவது வேறு. விலையேறும்வரை பூட்டிவைக்க ஐந்தாம் காணியையும் ஆறாம் காணியையும் வாங்குவது வேறு.

நிலம் நெல்லைப் போலப் பெருகுவதன்று. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் மழைநீரே எம் உயிர். வயலையும் வெள்ளவாய்க்காலையும் மண்ணிட்டு மேடாக்கித் துண்டு துண்டாக விற்கும்போது, அம்மழைநீர் இறங்கும் வழியும் விற்கப்படுகிறது. வயலை நிரப்ப எழுத்துமூல அனுமதி வேண்டுமென 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விதிக்கிறது. சட்டம் ஏட்டில் உறங்குகிறது. மண் ஏற்றிய லொறி இரவில் ஓடுகிறது.

செய்யவேண்டியவை தெளிவானவை. வெறுமையாகப் பூட்டிவைத்த காணிக்குப் பிரதேச சபைகள், உண்மை விலையின் அடிப்படையில், ஆண்டுதோறும் வரி அறவிடச் சட்டம் வேண்டும். உறுதியிலே விலையைக் குறைத்தெழுதி முத்திரை வரியை விழுங்கும் வழக்கம் ஒழிக்கப்பட வேண்டும். அரச காணி முதலிற் காணியற்றவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் உரியதாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் வலுப்பெற்று, இடர்ப்பட்டவருக்குக் குறைந்த வட்டியில் உரிய வேளையிற் கடன் கொடுக்குமாயின், அவசரத்தில் விற்பவர் அருகுவர். அவசரத்தில் விற்பவர் இல்லாவிடின், "நல்ல பேரம்" என்பதும் இல்லை.

கையேட்டை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தபோது அவன் கேட்டான்: "அப்ப நான் என்ன செய்யிறது, சேர்? பட்டம் எடுத்து நாலு வருசம் வேலையில்லாமல் இருந்தனான்." அவனைத் தரகனாக்கியதும் அத்தாயை விற்பனைக்காரியாக்கியதும் ஒரே சமுதாயந்தான். அவன் கேள்விக்கு விடை காண்பது அவன் ஒருவனின் பொறுப்பன்று, எம் எல்லோருடையதும்.

அச்சிறுமி இப்போது வாடகை வீடொன்றிலிருந்து நான்கு மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருகிறாள். அவள் பிறந்த வளவைக் கடந்துதான் வரவேண்டும். பூட்டு இன்னும் தொங்குகிறது.