நொச்சி மறவனும் யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டமும்

கோட்டையை முற்றுகையிடுவோன் உழிஞை சூடுவான். அதனை விட்டுக்கொடாது காப்போன் நொச்சி சூடுவான். தொல்காப்பியத்தில் உழிஞையுள் அடங்கிக் கிடந்த காப்போன் செயல், பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சி எனத் தனித்திணையாகவே வகுக்கப்பட்டது. தாக்குவோனுக்கு நிகராகக் காப்போனுக்கும் ஒரு பூவைச் சூட்டிய மரபு இது. இம்மரபை விரிவுரை மண்டபங்களிற் பெருமையோடு எடுத்தோதும் சமுதாயம், தன் ஊர் மைதானத்திற் பின்களங் காத்து நிற்கும் இளைஞனுக்கு எதனைச் சூட்டியிருக்கிறது? இறுதியாட்டம் முடிந்த இரவில் வெற்றிக் கிண்ணத்தைச் சுற்றி நின்று எடுத்த ஒரு புகைப்படத்தில், பின்வரிசையில் ஓர் இடம். அவ்வளவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு உதைபந்தாட்டம் புதியதன்று. பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை, மயிலிட்டி எனக் கரையோரமெங்கும் அது வேரோடியிருக்கிறது. கடலுக்குப் போய்க் கரை திரும்பியவர் மாலையில் மைதானத்துக்குப் போவது இவ்வூர்களின் அன்றாட ஒழுங்கு. சென். பற்றிக்ஸ் கல்லூரியும் இளவாலை சென். ஹென்றிஸ் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரரை உருவாக்கியுள்ளன. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வெற்றி பெற்றுக் குடாநாட்டுப் பெண்களாலும் இது இயலும் என்று காட்டியுள்ளனர். ஆட்டம் உண்டு, ஆட்டக்காரர் உண்டு, ஆயிரக்கணக்கிற் பார்வையாளரும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு வாழும் வழி.

இக்குறை எல்லா ஆட்டக்காரரையும் வருத்துவதே. எனினும் பின்கள வீரனையே அது அடியோடு அழிக்கின்றது. காரணம் வெளிப்படை. முன்களத்தில் ஆடுபவன் பதினெட்டு வயதிலேயே ஒளிரலாம். வேகமும் துணிவும் அவனுக்குப் பெருமளவு போதும். பின்கள வீரனோ காலத்தின் விளைபொருள். எதிரியின் காலையன்றி அவன் எண்ணத்தைப் படிக்கவும், எப்போது பாய்வது, எப்போது பின்வாங்குவது என்று கணிக்கவும், பக்கத்தில் நிற்கும் தோழனோடு ஒரே கோட்டில் அசைந்து எதிரியை ஓவ்சைட்டில் நிறுத்தவும் அவனுக்குப் பத்தாண்டுப் பயிற்சி வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டிய பின்னரே அவன் முதிர்ச்சி பெறுகிறான். முப்பதை அணுகும்போது முழுமை எய்துகிறான். இத்தாலியின் பவுலோ மல்டினி 1985இலிருந்து 2009 வரை ஏ. சி. மிலான் என்ற ஒரே கழகத்தின் பின்களத்தில் நின்றார். அத்தகைய நீண்ட வாழ்வு திறமையால் மட்டும் அமைவதன்று. மாதந்தோறும் கைக்கு வரும் ஊதியத்தாலும் அமைவது.

யாழ்ப்பாணத்திலோ இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில், பின்கள வீரன் தன் கலையைக் கற்கத் தொடங்கும் நேரத்தில், வீடு அவனை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது: பந்து சோறு போடுமா? அக்கேள்விக்கு அவனிடம் விடையில்லை. ஆகவே அவன் கடலுக்குப் போகிறான், அல்லது மேசன் வேலைக்குப் போகிறான், அல்லது முகவர் ஒருவருக்குப் பணங்கட்டி வெளிநாட்டுக்குப் போகிறான். அவன் விட்டுச்சென்ற இடத்தில் இன்னொரு பதினெட்டு வயதுக்காரன் நிறுத்தப்படுகிறான். இவ்வாறு குடாநாட்டின் பின்களம் ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் ஒருமுறை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. வெளி அணிகளோடு மோதிப் பல கோல்களை வாங்கித் திரும்பும்போது, பயல்களுக்கு அனுபவம் போதாது என்று தீர்ப்பளிக்கும் பெரியோர், அவ்வனுபவத்தைத் திரட்டுவதற்குரிய ஆண்டுகளை அவர்களுக்கு மறுத்தவர் யார் என்று கேட்பதில்லை.

பின்கள வீரனைக் குறைத்து மதிப்பது உலகெங்கும் உள்ள நோய்தான். 1956ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்படும் பலோன் டோர் விருதைப் பெற்ற பின்கள வீரர் மூவரே: 1972இலும் 1976இலும் பெக்கன்பவர், 1996இல் மத்தியாஸ் சமர், 2006இல் கன்னவாரோ. ஆயினும் புகழிற் கஞ்சத்தனங் காட்டிய அவ்வுலகம் கூலியில் அவனை ஒதுக்கிவிடவில்லை. 2019இல் மன்செஸ்ரர் யுனைட்டட் கழகம் ஹரி மகுவயர் என்ற பின்கள வீரரை எட்டுக் கோடி பவுணுக்கு வாங்கியது. இவ்வளவு பெருந்தொகை நியாயமானதா என்பது வேறு வினா. கோலைத் தடுப்பதும் கோலைப் போடுவது போன்றதொரு வேலை, அதற்கும் விலை உண்டு என்பதை அங்கே கணக்குப்பிள்ளையும் அறிவான். இங்கிலாந்திலும் இந்நிலை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1885இல் ஊதியம் பெற்று ஆடுவது அங்கே அனுமதிக்கப்பட்டது. 1907இல் ஆட்டக்காரர் சங்கம் அமைத்தனர். வாரத்துக்கு இருபது பவுணுக்கு மேற் கொடுக்கலாகாது என்றிருந்த உச்சவரம்பு, வேலைநிறுத்த எச்சரிக்கையின் பின் 1961இலேயே நீங்கியது. உதைபந்தாட்டத் தொழிலாளியின் உரிமையும் ஏனைய தொழிலாளரின் உரிமையைப் போலவே போராடிப் பெறப்பட்டது.

இலங்கைக்குள்ளும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. இந்நாட்டின் தேசிய அணியிற் பின்களங் காத்த நிசாம் பக்கீர் அலி, 1980களில் பங்களாதேஷ் சென்று டாக்கா அபஹானி கழகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடினார். டாக்காவின் கழகங்கள் ஊதியங் கொடுத்து வெளிநாட்டு வீரரை அழைத்த காலம் அது. அங்கே முதிர்ந்த அனுபவம் வீண்போகவில்லை. ஆட்டத்தை விட்டபின் பயிற்றுநராகி, 2018இல் இலங்கைத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பையும் அவர் ஏற்றார். இதிலிருந்து பெறப்படும் பாடம் இரண்டு. ஒன்று, தென்னாசியப் பின்கள வீரன் தொழில்முறை வாழ்வுக்குத் தகுதியற்றவன் என்பது பொய். மற்றது, அவ்வாழ்வு கிடைத்தவனே பிற்காலத்திற் பிறருக்கு ஆசானாகத் திரும்பி வருகிறான். கிடைக்காதவனின் அறிவு அவனோடு மறைந்துபோகிறது.

இவ்விடத்திற் சிலர், எல்லாவற்றுக்கும் யுத்தமே காரணம் என்பர். இதிற் பெரும் உண்மை உண்டு. அதை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவராவர். 1995ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கொழும்பில் நடைபெற்ற தென்னாசியக் கிண்ணத்தை இலங்கை அணி வென்றது. அதே ஆண்டு ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் தம் துறைமுகத்தை மீண்டும் காண 2017 வரை செல்லவேண்டியிருந்தது. துரையப்பா விளையாட்டரங்கை 1999இற் புனரமைக்கத் தோண்டியபோது மண்ணிலிருந்து மனித எலும்புகள் வெளிவந்தன. ஆடுகளமே புதைகுழியான மண்ணில் ஆட்டம் தொழிலாகவில்லையே என்று கேட்பது கொடுமை. ஆனால் யுத்தம் 2009இல் முடிந்தது. துரையப்பா அரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின் கழிந்த ஆண்டுகளுக்கும் யுத்தத்தையே சாட்டாகக் காட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

யுத்தத்தின் பின் நிகழ்ந்தது என்ன? 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறைச் சுற்று எனப் பறைசாற்றி சுப்பர் லீக் தொடங்கப்பட்டது. அதிற் பத்துக் கழகங்கள் இடம்பெற்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஒன்றுதானும் இல்லை. பத்தில் மூன்று இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய முப்படைகளின் அணிகள். இது தற்செயலன்று. இந்நாட்டில் உதைபந்தாட்டக்காரனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் நெடுங்காலமாகக் கிடைத்து வந்த வாயில் படைகளும் பொலிசும் அரச திணைக்களங்களுமே. தெற்கின் ஏழை இளைஞன் சீருடை அணிந்து பந்தாடினான். முப்பது வயதிலும் அவனால் ஆட முடிந்தது. அச்சீருடையை அணிந்தோர் தன் ஊர் நிலத்தில் முகாமிட்டிருக்கக் கண்டு வளர்ந்த பாசையூர் இளைஞனுக்கோ மயிலிட்டி இளைஞனுக்கோ அவ்வாயில் திறந்தே கிடந்தாலும் அடைத்ததே. இராணுவ அணி அச்சுற்றிற் சூட்டிக்கொண்ட பெயர் ‘டிபென்டர்ஸ்’. காப்போர் என்னும் பெயரும் சம்பளமும் ஓரிடத்தில் இருக்க, காக்கத் தெரிந்த குடாநாட்டு இளைஞன் இரண்டுமின்றி நின்றான். தேசிய லீக் ஒன்றைத் திட்டமிடுவோர் இவ்வேறுபாட்டைக் கருதாமல், திறமையுள்ள கழகம் தானே மேலே வரட்டும் என்பது, ஒருவனுக்கு ஏணியும் மற்றவனுக்கு அறிவுரையும் கொடுப்பதாகும். இத்தனைக்கும் மேலாக, நிருவாகத்தில் அரசு தலையிட்டதென்று 2023 ஜனவரியில் பீபா இலங்கையைத் தடைசெய்தது. அத்தடை அவ்வாண்டு ஓகஸ்டிலேயே நீங்கியது. நாற்காலிக்காகப் போட்டியிட்டோர் எவரும் அத்தடையாற் பட்டினி கிடக்கவில்லை.

எனினும் கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு யாழ்ப்பாணச் சமுதாயம் கைகழுவ இயலாது. தன் விளையாட்டுகளுள்ளும் அது மேல் கீழ் வகுத்து வைத்திருக்கிறது. 1904இல் தொடங்கிய மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரி கிரிக்கெற் போட்டிக்கு வடக்கின் பெருஞ்சமர் என்று பெயரிட்டுத் திருவிழா எடுக்கும். வைத்தியரும் பொறியியலாளரும் கடல்கடந்தும் வந்து கூடுவர். உதைபந்தாட்டமோ கரையோரத்தாரின் ஆட்டம், கூலிக்காரரின் ஆட்டம் என்ற எண்ணம் வாயாற் சொல்லப்படாமலே உள்ளத்தில் உறைந்திருக்கிறது. அவ்வாட்டம் தொழிலாகாமற் போனதைப் பற்றி நகரத்துப் படித்த வகுப்பு கவலைப்படாததன் காரணம் இதுவே. அது தன் வீட்டுப் பிள்ளையின் பிரச்சினையன்று.

கிரிக்கெற்றே இதற்குச் சாட்சி. 2020இல் லங்கா பிறீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி அமைக்கப்பட்டது. அவ்வணி மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு ஆடும் வாய்ப்பளித்தது. 2024இல் அவர் ஐ. பி. எல். சுற்றில் சன்றைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். பாதை ஒன்று திறந்து நான்கே ஆண்டுகள்! குடாநாட்டுப் பிள்ளைக்குத் திறமை போதாது என்ற வாதம் இத்தோடு முடிந்தது. போதாதிருந்தது பாதை.

புலம்பெயர்ந்தோர் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். வேல்ஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த மத்தியகள வீரர் விமல் யோகநாதன் 2024இல் இங்கிலாந்தின் பாண்ஸ்லி கழகத்தின் முதலணியிற் களமிறங்கியபோது, யாழ்ப்பாணம் எங்கள் பிள்ளை என்று மார்தட்டியது. மகிழவேண்டிய செய்திதான். ஆனால் அப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வளர்ந்திருந்தால் அவரை ரியூசன் வகுப்புக்குத் துரத்தியிருக்கக்கூடிய சமுதாயம், பிறநாட்டுக் கழகம் செலவிட்டு வளர்த்த பயிரின் அறுவடையில் மட்டும் பங்கு கேட்பது நியாயமாகுமா? இலங்கைத் தேசிய அணியும் இதே வழியையே பின்பற்றுகிறது. ஜேர்மனியிற் பிறந்து டைனமோ டிறெஸ்டன் கழகத்தில் ஆடிய கிளோடியோ கமர்க்னெக்ற் அதன் பின்களத்தில் நிறுத்தப்பட்டார். அவர்மீது குறையில்லை. ஆயினும் முதிர்ந்த பின்கள வீரனை வெளியிலிருந்து வரவழைக்க நேர்வது, அவனை உள்ளூரில் முதிரவிடாத தொழிலமைப்பின் ஒப்புதல் வாக்குமூலமேயாகும். புலம்பெயர்ந்தோர் ஊருக்கு அனுப்பும் பணமும் கிண்ணமாகவும் மின்னொளிக் கோபுரமாகவும் நினைவுச் சுற்றுப்போட்டியாகவும் மாறுகிறதேயன்றிச் சம்பளமாக மாறுவதில்லை. 2018இல் வடக்கு கிழக்கின் 12 அணிகளோடு தொடங்கிய வடக்கு கிழக்குப் பிறீமியர் லீக் நம்பிக்கை ஊட்டியது. நிலைத்த தொழிலாக அது வேரூன்றவில்லை. கிண்ணத்திற் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். சம்பளப் பட்டியலிற் பொறிக்க முடியாது என்பதுதான் தடையோ?

வேண்டப்படுவது கருணையன்று, ஒப்பந்தம். குடாநாட்டின் பல கழகங்களும் ஊர்ப் பெருமையைச் சற்று ஒதுக்கிவைத்து, மாவட்டத்தின் பெயரில் ஒரு தொழில்முறைக் கழகத்தையேனும் நிறுவித் தேசிய லீக்கில் இடங்கோரல் வேண்டும். அதன் வீரர் ஊழியராகக் கருதப்படல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழில்கொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி கடைச் சிப்பந்திக்கு உண்டு. முழங்காலை ஈடுவைத்து ஆடுபவனுக்கு ஏன் இல்லை? மூட்டுச் சவ்வு கிழிந்த வீரனுக்காகப் பார்வையாளரிடையே தொப்பி ஏந்தும் வழக்கம் ஒழிந்து, காயத்துக்குக் காப்புறுதி வரவேண்டும். ஓய்வுபெறும் பின்கள வீரன் சம்பளம் பெறும் பயிற்றுநனாகப் பாடசாலைக்குச் செல்லவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஆண்டுதோறும் விழாக்களுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் கடனுண்டு. பொருளியல் கற்போர் ஊர்க் கழகங்களின் வரவுசெலவை ஆராயலாம். சட்டம் கற்போர் ஒப்பந்தம் வரையலாம். மருத்துவம் கற்போர் காயங்களைக் கணக்கெடுக்கலாம். தமிழ் கற்போர் நொச்சித் திணையைத் தேர்வுக்கு மனனஞ் செய்வதோடு நில்லாமல் அதன் பொருளை உணரலாம். காப்போன் நின்றால்தான் கோட்டை நிற்கும். அவனை இருபத்துநான்கு வயதில் வள்ளத்துக்கும் விமானத்துக்கும் அனுப்பிவிட்டு, கோட்டை வீழ்ந்தது ஏன் என்று ஆய்வரங்கு கூட்டும் சமுதாயத்துக்கு விடை வேறெங்கும் இல்லை. அது கொடுக்க மறுத்த கூலியிலேயே இருக்கிறது.