யுத்தமும் குடியும் பெண் அடிமையும்

இலங்கையில் 1983-ம் வருஷத்தில் மூண்ட உள்நாட்டு யுத்தமானது 2009-ம் வருஷம் மே மாதத்தோடு முடிந்துவிட்டதாகச் சொல்லப்படுகின்றது. பீரங்கியைப் பொறுத்தவரை அது வாஸ்தவந்தான். ஆனால் வடக்கு கிழக்குப் பிரதேசங்களில் அனேக வீடுகளுக்குள் அது வேறு வேஷத்தில் நடந்துகொண்டே வந்திருக்கின்றது. அங்கே ஆயுதம், கசிப்புப் போத்தலும் விறகுக் கட்டையும். எதிரியோ, சோறாக்கிப் போடுகிற மனைவி.

இதைக் கேட்டவுடன் வைதீகர்கள் "அது அவள் தலையெழுத்து" என்பார்கள். மற்றொரு சாரார் "பாவம், அவன் நல்லவன், குடிதான் அப்படிச் செய்கின்றது" என்பார்கள். இவ்விரண்டு சமாதானங்களும் அறிவுக்குப் பொருந்துமா என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

முதலில் தலையெழுத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை விசாரித்து 2008-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தகப்பனுடைய குடியும், யுத்தக் கொடுமையைக் கண்ட அளவும் எவ்வளவுக்கு அதிகமோ, அவ்வளவுக்கு வீட்டிலும் பிள்ளைகள் அதிகமாகத் துன்புறுத்தப்பட்டார்கள் என்று தெரிந்தது. சுமார் 20 வருஷம் சண்டை நடந்த வட உகாண்டாவில் தம்பதிகளை விசாரித்து 2013-ல் மற்றோர் ஆராய்ச்சி வெளிவந்தது. யுத்தத்தில் அதிகம் அடிபட்ட பெண்களும், குடியால் கெட்ட புருஷனை உடைய பெண்களுமே வீட்டில் அதிகம் உதைபட்டார்கள் என்பது அதன் முடிவு. யாழ்ப்பாணத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரே பிரமன் ஒரே கணக்கில் எழுதிவைத்தான் என்று சொல்லப் போகின்றார்களா?

இது நடக்கும் விதத்தில் மர்மம் ஒன்றுமில்லை. குண்டு விழுந்து சொந்த ஜனங்கள் சாவதைக் கண்ணால் கண்டவனுக்குத் தூக்கம் வருவதில்லை. தூங்குவதற்காகக் குடிக்கின்றான். குடியோ முன்னிரவில் படுக்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடுகின்றது. ஆகவே மறுநாள் இன்னும் கூடக் குடிக்கின்றான். நிலமும் வலையும் தோணியும் போய், அகதி முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்றவனுக்கு "ஆண்பிள்ளை" என்கிற கர்வம் மாத்திரம் மிச்சம். கூலி வேலைக்குப் போய் வந்த மனைவி, "காசு எங்கே?" என்று கேட்டால் அந்தக் கர்வம் கையை ஓங்குகின்றது.

இனி, "குடிதான் செய்கின்றது" என்பதைப் பார்ப்போம். குடியானது அறிவை முழுவதும் அழித்துவிடுவது உண்மையானால், அதே குடிகாரன் வழியில் போலீஸ்காரனைக் கண்டதும் ஏன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகின்றான்? கடன்காரனை ஏன் அடிப்பதில்லை? குடித்தும் அடிக்காதவர்கள் இல்லையா? குடிக்காமலே அடிக்கிறவர்கள் இல்லையா? ஆகவே, குடி அடியைப் பலமாக்குகின்றதேயொழிய, யாரை அடிப்பது என்று அது சொல்லிக் கொடுப்பதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது "கல்லானாலும் கணவன்" என்கிற உபதேசமாகும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 2005-ம் வருஷத்தில் இலங்கையில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் செய்யப்பட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 12 மாதம் வரை பாதுகாப்பு உத்தரவு பெற அதில் வழியிருக்கின்றது. ஆனால் உத்தரவு வாங்கியவள் எங்கே போய்ச் சாப்பிடுவாள்? தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு 1911-ம் வருஷத்துச் சட்டம் என்ன விதித்தது? தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் புருஷனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டு ஏறி அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. அதாவது, அடிக்கிற கையே கையெழுத்தும் போடவேண்டுமாம்!

ஆதலால், கசிப்புக் காய்ச்சுகிறவனைப் பிடித்துப் பானையை உடைப்பதோடு காரியம் தீராது. யுத்தத்தால் மனம் நொந்தவனுக்கு மந்திரவாதி வேண்டாம், வைத்தியம் வேண்டும். ஆனால் நோயாளி என்பதற்காக அவன் அடித்த அடிக்கு மன்னிப்பு இருக்கக்கூடாது. பெண்ணுக்குத் தன் காணியின் மீது தன் கையெழுத்தே போதும் என்கிற உரிமையும், சொந்த வருமானமும் வேண்டும். தமிழில் பேசி முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் பெண் போலீசார் வேண்டும்.

யுத்தம் நின்றது என்று எந்த சர்க்காராவது பெருமை பேசுமானால், முதலில் இந்த வீடுகளின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.