மூன்றாம் நபர் மீது இழப்பீட்டு வழக்கு: பிராது எழுதும் முன்

கணவரோடு உறவு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் பெண்ணிடம் 4 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு ஒரு மனைவி தொடுத்த வழக்கில், 2025 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அழைப்பாணை அனுப்ப உத்தரவிட்டது. அதன்பிறகு குடும்ப வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களிடம் கட்சிக்காரர்கள், "நாமும் போடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். அரிதான சில வழக்குகளில் போடலாம். எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கக் கூடாது என்பதே இந்த இதழின் கருத்து.

டெல்லி உத்தரவு யாருக்கும் இழப்பீடு வழங்கிவிடவில்லை. இத்தகைய வழக்கு குடும்பநல நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியதல்ல, உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. முதல்நோக்கில் வழக்குமூலம் இருப்பதாகக் கண்டது. அவ்வளவுதான். 2013-இல் உச்ச நீதிமன்றமும் இரண்டு தீர்ப்புகளில் இந்தத் தீங்கியல் உரிமையைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஆனால் ஒன்று குற்றவியல் மேல்முறையீடு, மற்றொன்று குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு. இரண்டிலும் இழப்பீடு பற்றிய எழுவினாவே இல்லை. சட்டப் புத்தகத்திலும் பிடிமானம் கிடையாது. கணவன் மட்டும் இழப்பீடு கேட்க வழிவகுத்திருந்த 1869 விவாகரத்துச் சட்டத்தின் 34-ஆவது பிரிவை 2001 திருத்தம் நீக்கிவிட்டது.

டெல்லி நீதிமன்றம் மூன்று கூறுகளைக் கேட்கிறது: மணவாழ்வைக் குலைக்கும் நோக்கோடு மூன்றாம் நபர் செய்த தவறான செயல், அந்தச் செயலால்தான் முறிவு நேர்ந்தது என்ற தொடர்பு, மதிப்பிடத்தக்க இழப்பு. கணவரோ மனைவியோ தன் விருப்பத்தின் பேரிலேயே போனார் என்று காட்டிவிட்டால், அதுவே பிரதிவாதிக்கு முழு எதிர்வாதம். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் இடறும். மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்ததாலும்தான், பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு 2018-இல் ஜோசப் ஷைன் வழக்கில் வீழ்ந்தது. சுயபுத்தியோடு போன ஒருவரைக் களவுபோன பொருள்போல் பிராதில் எழுதினால், அந்தப் பார்வையைக் கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே விடுகிறோம்.

சாட்சியத்துக்கு வருவோம். கட்சிக்காரர் கைபேசியை நீட்டி வாட்ஸ்அப் படங்களைக் காட்டுவார். "வீட்டில் அவரே அழுதுகொண்டு ஒத்துக்கொண்டார்" என்பார். மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் தாக்கல் செய்ததை 2024 அக்டோபரில் மதுரைக் கிளை ஏற்கவில்லை. தம்பதியர் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது மணமுறிவு வழக்கு. கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சைக் காக்கும் விதிக்கு, அவ்விருவருக்குள் நடக்கும் வழக்கில் விலக்கு உண்டு. தீர்ப்பு அந்த விலக்கையும் சார்ந்தே நின்றது. மூன்றாம் நபர் மட்டுமே பிரதிவாதி என்றால் அந்த விலக்கு கிடைக்குமா? பாரதிய சாட்சிய சட்டம் 128-ஆவது பிரிவைப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். கணவர் அழுதுகொண்டு சொன்னது சாட்சியமாகாமலே போகலாம்.

செலவையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம் என்றால், 4 கோடி கேட்கும் வழக்குக்கு 12 லட்சம் ரூபாய்.

துரோகத்தின் வலி உண்மையானது. அதைச் சிறிதாக்க இங்கே யாரும் முனையவில்லை. ஆனால் மணவாழ்வில் வாக்குக் கொடுத்தவர் துணைவர்தான். அவரிடம் கேட்க மணமுறிவு, ஜீவனாம்சம், வசிப்பிட உரிமை என்று உறுதியான வழிகள் இருக்கின்றன. குடும்ப வழக்கில் சமரசத்துக்கு இழுக்கவும், ஒரு பெண்ணின் பெயரை ஊரறியச் செய்யவும் இந்தப் பிராது ஆயுதமாகக் கூடாது. அப்படி ஆனால், குழந்தைகள் வளர்ந்தபிறகு படிக்கப்போகும் ஆவணமும் அதுதான்.

மூன்றாம் நபர் திட்டமிட்டு, ஏமாற்றியோ மிரட்டியோ ஒரு குடும்பத்தைக் குலைத்ததற்கு நேரடிச் சாட்சியம் இருந்தால் துணிந்து தாக்கல் செய்யுங்கள். இல்லையென்றால், முடியாது என்று கட்சிக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். அதுவே நாம் அவருக்குச் செய்யும் நியாயம்.