விளக்கைப் பார்க்காதீர், மோட்டாரைப் பாருங்கள்!

டி.ஜே. என்றதும் நம் மண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒரு மினி லாரி, அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, சுற்றிச் சுழலும் கலர் லைட், நடுவில் லேப்டாப்புடன் ஓர் அண்ணன். கோயில் திருவிழா ஆனாலும் சரி, கல்லூரி ஆண்டு விழா ஆனாலும் சரி, இதுதான் காட்சி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், நானும் ஸ்க்ராட்ச் கத்துக்கப் போறேன்டா" என்று கிளம்பும் நண்பன் முதலில் எதை வாங்குகிறான்? பட்டனுக்குப் பட்டன் மின்னுகிற ஒரு பெட்டியை! ஒரகடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து முதல் சம்பளம் கைக்கு வருமுன்னே இ.எம்.ஐ. வந்து நிற்கிறது. மூன்றாம் மாதம் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

டிப்ளமோ படிக்கிற நாம் ஒரு இயந்திரத்தை இப்படியா வாங்குவது? என் கட்சி இதுதான்: விளக்குக்குக் காசு கொடுக்காதே, மோட்டாருக்குக் கொடு.

ஸ்க்ராட்ச் என்பது என்ன? ஒரு கை சுழலும் இசைத்தட்டை முன்னும் பின்னும் தள்ளும். மறு கை மிக்ஸரில் உள்ள கிராஸ்ஃபேடரைத் திறந்து மூடும். ஊசி எழுப்பும் ஒலி தாளமாகிவிடும். 1970-களின் நடுவில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த வித்தை இது. கிராண்ட் விசர்ட் தியோடர் அப்போது பள்ளிச் சிறுவன். பாட்டுச் சத்தம் அதிகம் என்று அம்மா வந்து அதட்ட, ஓடுகிற தட்டைக் கையால் பிடித்தபடி அவர் பேச்சைக் கேட்டதாகவும், அப்போது எழுந்த ஒலியே விதை என்றும் தியோடரே சொல்லியிருக்கிறார்.

அதே பிராங்க்ஸில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் நமக்கு இன்னும் நெருக்கமானவர். அவர் படித்தது தொழிற்கல்விப் பள்ளியில், எலக்ட்ரானிக்ஸ்! அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் மட்டும் முன்கூட்டியே கேட்க ஒரு சுவிட்ச்சைத் தானே செய்து மிக்ஸரில் பொருத்தினார். தட்டு வழுக்கிச் சுழல அடியில் ஃபெல்ட் துணி வெட்டிப் போட்டார். 2019-இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு அவரைத் தேடி வந்தது. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்தவர்கள் உருவாக்கிய கலை இது, நமக்கு அந்நியமானதல்ல.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் மோட்டார். ரெக்கார்டு ப்ளேயரில் இரண்டு வகை. பெல்ட் டிரைவில் மோட்டார் ஓரமாக இருக்கும். ரப்பர் பெல்ட் தட்டைச் சுழற்றும். பாட்டுக் கேட்க அது போதும். ஸ்க்ராட்ச்சுக்குக் கையை வைத்தால் பெல்ட் நழுவும், இழுபடும். கையை எடுத்ததும் வேகம் பிடிக்க நேரமாகும். டைரக்ட் டிரைவில் மோட்டார் தட்டின் நடுவிலேயே இருக்கிறது. இந்தத் துறையின் அம்பாசடர் கார் என்று சொல்லத்தக்க டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200, ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1972-இல் வெளியிட்டது. 1979-இல் வந்த அதன் எம்.கே.2 மாடலின் ஆரம்ப முறுக்குவிசை 1.5 கிலோ-செ.மீ. நின்ற நிலையிலிருந்து 33⅓ சுற்று வேகத்தை எட்ட 0.7 விநாடி! 2010-இல் தயாரிப்பை நிறுத்தி, 2016-இல் மறுபடி தொடங்கினார்கள். அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் வேறு கம்பெனி டைரக்ட் டிரைவ் மாடல்களிலும் விவரத்தாளில் முதலில் டார்க் எவ்வளவு என்று பாருங்கள். பழைய ஜப்பான் உள்நாட்டு மாடல் மலிவாகக் கிடைத்தால் உஷார்: அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைதான் வரும்!

இரண்டாவது, கிராஸ்ஃபேடர். தள்ளிய ஓரிரு மில்லிமீட்டரிலேயே ஒலி முழுசாகத் திறக்க வேண்டும். அதற்கு 'கர்வ்' மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண ஃபேடரில் கார்பன் தடம் தேய்ந்து கரகரக்கும். காந்தத்தால் இயங்கும், உரசாத ஃபேடர் நீடித்து உழைக்கும். குறைந்தபட்சம் கழற்றி மாற்றக்கூடியதாவது வேண்டும். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஆகவே மிக்ஸரில் 'ஃபோனோ' உள்ளீடு அவசியம். எர்த் ஒயரை மறந்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இலவசம்.

மூன்றாவது, எண்ணிக்கை. "ரெண்டு டேபிள் வேணுமே" என்பார்கள். ஆரம்பத்தில் வேண்டாம்! ஒரு கை தட்டில், மறு கை ஃபேடரில் இருக்கும்போது இரண்டாவது டேபிளைத் தொட மூன்றாவது கை ஏது? தாளத்தை செல்போனிலிருந்து மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் கொடுத்தால் போதும். பாதிச் செலவு மிச்சம்.

"கன்ட்ரோலர் வாங்கிக் கத்துக்க முடியாதா?" என்பது நியாயமான கேள்வி. 2022-இல் வந்த பயனியர் டி.டி.ஜே.-ரெவ்1 போன்றவை ஸ்க்ராட்ச்சுக்கென்றே அமைத்தவை. ஃபேடர் விரல் பழக அவை உதவும். விலையும் குறைவு. ஆனால் அதன் சக்கரம் தானாகச் சுழலாது. கையை விட்டதும் தட்டு நம்மை இழுத்துக்கொண்டு ஓடும் அந்த உணர்வு அதில் கிடைக்காது. தவிலைக் கீபோர்டில் பழகுவது போலத்தான்.

ஒரு வேண்டுகோள். தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் எச்.எம்.வி. தட்டுகளில் கை வைக்காதீர்கள். 78 சுற்று அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். அதன் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசி அதற்குப் பொருந்தாது. எல்.பி.யையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அங்கே இரைச்சல்தான் மிஞ்சும். பழைய தமிழ்ப் பாட்டுத் தட்டுகளில் பல மறுபடி அச்சாகாதவை. ஸ்க்ராட்ச்சுக்கென்றே தயாரிக்கும் தட்டுகள் இருக்கின்றன. 2004-இல் வந்த செரட்டோ ஸ்க்ராட்ச் லைவ் முதலான முறைகளில், குறியீடு பதித்த ஒரே தட்டைக் கொண்டு கம்ப்யூட்டரில் உள்ள எந்தப் பாட்டையும் ஸ்க்ராட்ச் செய்யலாம்.

கடைசியாக, நம் மாணவர் சங்கத்துக்கு. ஆண்டு விழாவில் ஒரு ராத்திரி வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் வாடகை கொடுக்கிறோம். விடிந்தால் லாரி போய்விடுகிறது. நம்மிடம் மிஞ்சுவது ரசீது மட்டுமே. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு டைரக்ட் டிரைவ் டேபிள், ஒரு நல்ல மிக்ஸர் வாங்கி வைத்தால் என்ன? ஆர்வமுள்ளவன் சாயங்காலம் வந்து பழகட்டும். பிடித்தால் பிறகு சொந்தமாக வாங்கட்டும். பிடிக்காவிட்டால் அவன் தலையில் கடன் இல்லை. ஃபேடர் கெட்டால் ஈ.சி.ஈ. மாணவர்கள் கழற்றிப் பார்க்கட்டும், மோட்டார் முரண்டு பிடித்தால் ஈ.ஈ.ஈ. நண்பர்கள் வரட்டும். அதுவும் ஒரு பிராக்டிகல் வகுப்புதானே?

அடுத்த ஆண்டு விழா மேடையில் வெளியூர் அண்ணன் அல்ல, நம் பென்ச் நண்பன் ஒருவன் ஸ்க்ராட்ச் செய்யட்டும். கைதட்ட நான் முதல் வரிசையில் இருப்பேன்!