கால்சட்டைப் பையில் ஒரு பட்டயம்



சென்ற ஞாயிறு அன்பின் விருந்து நடந்துகொண்டிருக்கையில், நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துத் தம் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குவது, எடை 300 கிராமுக்கும் குறைவு. “ஐயா, பட்டயம் வாங்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தானே? லூக்கா 22:36ஐப் பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல், அதிகாரத்தின் முடிவுமட்டும் வாசித்தேன். இரண்டு பட்டயங்கள் இருப்பதாகச் சீஷர் காட்டியபோது, அது போதுமென்று ஆண்டவர் பேச்சை முடித்துவிடுகிறார். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் போதும் என்பது தற்காப்புக் கணக்கா? அன்றிரவே அவற்றில் ஒன்று உருவப்பட்டது. காதைக் குறிவைத்து எவனும் பட்டயம் வீசுவதில்லை. மீன்பிடிக்கிறவனின் கை இருளில் தவறிற்று. வெட்டுண்டவன் ஒரு வேலைக்காரன். அவனைச் சொஸ்தப்படுத்தும் வேலை, கைதாகப்போகிற ஆண்டவர்மேல் விழுந்தது.

“ஒயிட் செட்டில்மென்டில் நடந்ததை மறந்தீர்களா?” என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2019 டிசம்பர் 29 அன்று நம் டெக்சாஸின் அந்த ஆலயத்தில் ஆயுதம் தாங்கிய சபையார் ஒருவர் கொலைகாரனைச் சில நொடிகளில் வீழ்த்தினார். அதற்காக அவரை நான் குறைகூறேன். ஆனால் அவர் துப்பாக்கிப் பயிற்சியாளர். முன்னாள் ரிசர்வ் டெபுடி. அவர் கையிலிருந்தது இத்தகைய பொம்மையளவுத் துப்பாக்கியும் அல்ல. மூன்று அங்குலத்துக்கும் குறைந்த குழல், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குறிமுனை, சுடும்போது கையை உதைத்துத் தள்ளும் வேகம்: பையில் வைக்க எளிதானது குறிதவறாமல் சுட மிகக் கடினமானது. வருடத்தில் ஒருநாள் பயிற்சிக் களத்துக்குப் போகிறவர், பிள்ளைகள் அலறி ஓடும் கூட்டத்தில் யாரைச் சுடுவார்?

நான் அஞ்சுவது அந்நியனைவிடப் பையையே. 2014 டிசம்பரில் ஐடஹோவில், கடைக்குச் சென்ற தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துவிட்டது. தாய் அங்கேயே மரித்தாள். நம் பெண்களின் கைப்பைகள் ஞாயிறு பள்ளி அறையில் எப்படிக் கிடக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைப் பிரசங்கபீடத்தில் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் மரிக்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். வேலை போனதையும், விசா முடிவதையும், மனைவியோடு பேச்சற்றுப்போனதையும் இரவு பதினொரு மணிக்கு அழைத்துச் சொல்லி அழுகிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வீட்டார் என்று சொல்லமாட்டேன். அந்த வீடுகளின் மேசை அறையில் என்ன இருக்கக்கூடாது என்பதை மட்டும் சொல்வேன்.

ஆலய வாசலில் அறிவிப்பு வைத்து ஆயுதங்களைத் தடுக்க டெக்சாஸ் சட்டம் சபைகளுக்கு இடங்கொடுக்கிறது. இம்மாதக் கமிட்டியில் அந்தப் பலகைக்காக நான் பேசுவேன். வாசலைக் கவனிக்கப் பயிற்சிபெற்ற காவலரை அமர்த்தும் செலவுக்காகவும் பேசுவேன். அச்சகோதரர் என்மேல் வருத்தமாயிருக்கிறார். செவ்வாய் மாலை அவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறேன். வரச்சொல்லி அவரே அழைத்திருக்கிறார்.