ரெண்டரை வயசு... ப்ளே ஸ்கூலுக்கு ரெடியா?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'அட்மிஷன் போட்டாச்சா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களா? கொஞ்சம் பொறுங்க.

தேசியக் கல்விக் கொள்கை 2020, பள்ளிக்கல்வியின் முதல் படியை 3 வயதில்தான் தொடங்குகிறது. கேந்திரிய வித்யாலயாவில் 2022 முதல் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது ஆகியிருக்கணும். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலோ 5 முடிந்தாலே போதும். சிக்கல் இங்கேதான். 5-ல் ஒன்றாம் வகுப்பு என்றால் 3-ல் எல்.கே.ஜி, அதற்கும் முன்னால் ப்ரீ.கே.ஜி என்று ரெண்டு வயசிலேயே ஓட்டம் ஆரம்பிச்சிடுது.

உங்க குழந்தையோட கணக்கு வேற. ஏ, பி, சி, டி சொல்லுதா என்பதை விடுங்க. பசி, உச்சா, வலி... இதையெல்லாம் நீங்க இல்லாத இடத்தில் இன்னொருத்தருக்குப் புரியவைக்குதா? பாட்டி வீட்டில் ரெண்டு மணி நேரம் தனியா இருக்குமா? முதல் வாரம் அழுவது சகஜம். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் யோசிக்கணும்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, வேற வழியில்லையா? அப்போ உங்களுக்குத் தேவை நல்ல க்ரீச்தான். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

பள்ளியையும் சோதிங்க. வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்க. ரெண்டரை வயசுக் கையில் பென்சிலும் நோட்டும் இருந்தால், ஃபீஸ் கட்டாம கிளம்பிடுங்க.