கைக்குத் தெரியாத பலம்

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிப் புதுக்கோட்டை ஜில்லாவின் மேல் நடந்து சென்றது. கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் தென்னை மரங்கள் சாய்ந்த கதை எல்லோரும் அறிந்ததே. மரங்களோடு பறந்துபோன கூரைத் தகரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தென்னங்கன்று காய்ப்பதற்கு வருஷக் கணக்கில் காத்திருக்கலாம். கூரையை மறு மழைக்குள் போட்டாக வேண்டும்.

இப்போது அந்தப் பக்கத்தில் கொட்டகை வேலை நடக்கும் இடங்களில் ஏணி, கயிறுகளுடன் ஒரு சிறு யந்திரத்தையும் காணலாம். கைத்துப்பாக்கி போன்ற உருவம், அடியில் பாட்டரி, மின்சாரக் கம்பி கிடையாது. 'இம்பாக்ட் டிரைவர்' என்பது அதன் பெயர். கொல்லர்களையும் தச்சர்களையும் தாண்டி அது குடும்பஸ்தர்களின் அலமாரிக்குள்ளும் புகுந்துவிட்டபடியால், அதைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதத் துணிகிறேன்.

திருகாணி சுலபமாய் இறங்கும் வரையில் இது வெறும் சுழலும் திருப்புளிதான். திருகாணி முரண்டு பிடித்தவுடனே, உள்ளே வில்சுருளுக்கு முன்னால் இருக்கும் ஒரு சிறு சுத்தி பின்வாங்கி, சுழலும் திசையிலேயே ஓங்கி அடிக்கத் தொடங்குகிறது. நிமிஷத்துக்கு 3,000 அடிக்கு மேல் அடிக்கும் யந்திரங்கள் சர்வ சாதாரணம். இதனால் மணிக்கட்டு முறுக்கிக் கொள்வதில்லை. இதுவே இதன் சௌகரியம். இதுவே இதன் வஞ்சகமும். அடியெல்லாம் திருகாணிக்குப் போய்ச் சேருகிறது. கைக்கு மட்டும் சமாசாரம் வருவதில்லை.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவர் மாட்டுக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டார். முதல் மழையிலேயே பசு நனைந்தது. ஏறிப் பார்த்தால், ஒவ்வொரு திருகாணியின் தலைக்கடியிலும் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கிக் கிழிந்திருந்தது. தகரமும் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"ஏன் தம்பி, இவ்வளவு இறுக்கலாமா?" என்று கேட்டேன்.

"இறுக்கினால்தானே ஐயா புயலுக்கு நிற்கும்?" என்றான் அந்தப் பையன்.

கஜாவைக் கண்டவனிடத்தில் இந்தப் பதிலுக்குக் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் விஷயம் நேர்மாறானது. மெல்லிய இரும்புச் சட்டத்தில் அளவுக்கு மேல் முறுக்கினால் புரிகள் அறுந்துவிடுகின்றன. திருகாணி வெளிக்கு உறுதியாய்த் தோன்றும். காற்று தகரத்தைத் தூக்கும்போது பொத்தென்று பிடுங்கிக்கொண்டு வரும். ரப்பர், மேலுள்ள உலோக வட்டின் விளிம்பில் இலேசாகத் தலைகாட்டுகிறதா? அதுதான் அளவு. விசையை மெதுவாக அழுத்திச் சற்று முன்னதாகவே விட்டுவிட வேண்டும். கடைசிச் சுற்றைக் கைத் திருப்புளியால் முடித்தாலும் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. தகரத்தின்மேல் சிந்திய இரும்புத் துகளைப் பெருக்கித் தள்ளாவிட்டால் அதுவே துருவுக்கு வித்தாகும். சுவிட்சுப் பலகையின் சிறு திருகாணிகளிடம் இந்த யந்திரத்தைக் காட்டவே கூடாது.

இனி, உடம்பைப் பற்றி. முனையை மாற்றுமுன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். சாதாரண முனைகள் இந்த அடியைத் தாங்காமல் தெறிப்பதுண்டு. இதற்கென்று செய்த முனைகளை வாங்கிக் கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். சத்தம் காதைத் துளைப்பதால் நாள் முழுதும் வேலை செய்பவர்கள் காதையும் அடைத்துக்கொள்வது அவசியம். தோளில் தொங்கும் துண்டு, அவிழ்ந்த வேஷ்டி நுனி, பின்னாத கூந்தல் இவையெல்லாம் சுழலும் முனைக்கு வெகு பிரியமானவை! பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின்மேல் கால் வைக்காதீர்கள். அது ஆளைத் தாங்காது.

பாட்டரியின் கதை தனி. 1991-ல் கடைக்கு வந்து, 2019-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த லிதியம் அயான் ஜாதி இது. ஐந்து செல்களை வரிசையாய்க் கோத்தால் 18 வோல்ட். முழுக்கச் சார்ஜ் ஏறிய நிமிஷத்தில் அதுவே 21 ஆகிறது. ஆகையால் பெட்டியின்மேல் அச்சிட்ட 21-ஐப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுத்துவிட வேண்டாம். இந்தப் பாட்டரிக்குப் பரம சத்துரு உஷ்ணம். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில், கொதிக்கும் தகரத்தின்மேல் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது மகா பிசகு. கை பொறுக்காத சூட்டோடு சார்ஜரில் மாட்டுவது அதனினும் பிசகு, நிழலில் ஆறட்டும். மாதக் கணக்கில் வேலையில்லாவிட்டால் பாதிச் சார்ஜில், பீரோவின் குளிர்ந்த தட்டில் வைக்கலாம். வயிறு உப்பிய பாட்டரியை அந்தக் கணமே ஒதுக்கிவிடுங்கள். அதைக் குப்பையில் எறிந்தால் தீப்பிடிக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் தயாரிப்பாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆலங்குடிப் பையன் மறுநாள் வந்து எல்லாத் திருகாணிகளையும் கழற்றினான். புரி அறுந்த இடங்களில் சற்றுப் பருமனானவற்றைப் போட்டு, புது வாஷர் வைத்து, கடைசிச் சுற்றைக் கையாலேயே திருகினான். அடுத்த மழைக்குப் பசு நனையவில்லை. கன்றுக்குட்டி மட்டும் ஒரு மூலையில் கொஞ்சம் நனைந்ததாகக் கேள்வி. அங்கே ஏணி எட்டவில்லையாம்.